கிறிஸ்துமஸுக்கு மறுநாள் யாருடைய நாள்? பாக்ஸிங் டே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்ஸிங் டே என்பது எந்த நாள்? எங்கெல்லாம் விடுமுறை?

டிசம்பர் 26. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், கானா, கயானா, பஹாமாஸ், ஹாங்காங் எனப் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த பல இடங்களில் அன்று விடுமுறை. ஜெர்மனி, நெதர்லாந்து, போலந்து போன்ற ஐரோப்பிய நாடுகளிலும் 26 விடுமுறைதான். ஆனால் அங்கே அது கிறிஸ்துமஸின் இரண்டாம் நாள், அவ்வளவே. உழைப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுக்கும் நாள் என்ற பொருள் இங்கிலாந்தில்தான் அதற்கு ஏறியது. அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியே பேசும்.

குத்துச்சண்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. பாக்ஸ் என்பது இங்கே காசு போடும் பெட்டி.

என்ன பெட்டி அது? யார் வைத்திருந்தார்கள்?

கடைகளிலும் பட்டறைகளிலும் தொழில் பழகிய சிறுவர்கள் வைத்திருந்த உண்டியல். பெரும்பாலும் சுட்ட மண்ணால் ஆனது. மேலே காசு நுழைய ஒரு கீறல் இருக்கும், எடுப்பதற்கு வழி இருக்காது, உடைத்துத்தான் ஆகவேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் சிறுவர்கள் அதை நீட்டுவார்கள். பண்டிகை முடிந்ததும் உடைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். 1611இல் வெளியான ஒரு பிரெஞ்சு-ஆங்கில அகராதி, உண்டியலுக்கான பிரெஞ்சுச் சொல்லை 'கிறிஸ்துமஸ் பெட்டி' என்றே விளக்குகிறது. பிரான்சில் இரந்துண்ணும் துறவிகளும், இங்கே பரிசாரகர்களும் தொழில் பழகும் பையன்களும் பயன்படுத்துவது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் 1663 டிசம்பர் 19ஆம் தேதி, செருப்புத் தைப்பவர் கடைக்குச் சென்று பாக்கியைத் தீர்த்ததையும், பையன்களின் பெட்டியில் கிறிஸ்துமஸுக்காக ஏதோ போட்டதையும் எழுதியிருக்கிறார். எவ்வளவு போட்டார் என்று சொல்லவில்லை. செலவுக் கணக்கில் கறாரான மனிதர் அவர். தொகை சிறியதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

காலப்போக்கில் மண் பெட்டி மறைந்தது, பெயர் தங்கியது. பெட்டியே இல்லாமல் கையில் கொடுக்கும் காசும் 'கிறிஸ்துமஸ் பெட்டி' ஆனது. தமிழில் சொன்னால், நம் ஊரில் தபால்காரரும் துப்புரவுப் பணியாளரும் வந்து வாங்கிச் செல்லும் தீபாவளி இனாமைப் போன்றது.

பிரபுக்கள் வேலையாட்களுக்குப் பெட்டி நிறையப் பரிசும் மிச்ச உணவும் கொடுத்தனுப்பிய நாள் என்றல்லவா படித்திருக்கிறோம்?

பரவலாகச் சொல்லப்படும் கதை அது. முழுப் பொய்யும் அல்ல. கிறிஸ்துமஸ் அன்று மாளிகையில் விருந்து என்றால் சமைக்கவும் பரிமாறவும் ஆள் வேண்டும். வேலையாட்களுக்கு மறுநாள்தான் ஓய்வு. அன்று அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போகும்போது எஜமானர்கள் ஏதாவது கொடுத்தனுப்புவதும் உண்டு.

இன்னொரு கதை, தேவாலய வாசலில் ஏழைகளுக்காக வைத்திருந்த உண்டியலைக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திறந்து பங்கிட்டார்கள் என்பது. ஏழைகளுக்கான உண்டியல்கள் தேவாலயங்களில் இருந்தது உண்மை. ஆனால் இந்த நாளுக்குப் பெயர் வரக் காரணம் என்று பார்த்தால், பழைய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் தென்படுவது பையன்களின் பெட்டியும் இனாம் வசூலும்தான். மற்ற இரண்டு கதைகளும் அதிகம் பரவியதற்குக் காரணம் எளிது. அவற்றில் கொடுப்பவர் கதாநாயகர். பையன்களின் பெட்டியில் கேட்பவர்தான் கதாநாயகர்.

கேட்டவர்கள் யார்? கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்களா?

கேட்டவர்களின் பட்டியல் நீளமானது. தபால்காரர், குப்பை அள்ளுபவர், தெருவிளக்கு ஏற்றுபவர், பால்காரர், இறைச்சிக் கடைப் பையன், இரவுக் காவலர், பெரிய மனிதர் வீட்டு வாயிற்காவலர் எனப் பலர். ஆண்டு முழுவதும் வாசலுக்கு வந்து போகிறவர்கள் அன்று கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள்.

கொடுத்தவர்கள் புலம்பினார்கள். பீப்ஸ் 1668 டிசம்பர் 28 அன்று காலையில் முரசும் ஊதுகுழலும் கேட்டு எழுந்ததாக எழுதுகிறார். இதற்கும் பெட்டிகளுக்குமாக இந்தக் கிறிஸ்துமஸில் நிறையச் செலவாகிவிட்டது, இன்னும் ஆகும் என்று அலுத்துக்கொள்கிறார். 1710இல் லண்டனில் தங்கியிருந்த எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் இன்னும் காரமானவர். கிறிஸ்துமஸ் பெட்டிகளால் நான் ஒழிந்தேன் என்று டிசம்பர் 26 அன்று எழுதுகிறார். காப்பிக் கடைப் பையன்கள் 'வரியை' ஏற்றிவிட்டார்களாம். ஆளுக்கு ஒரு கிரவுன், அதாவது ஐந்து ஷில்லிங், எல்லோரும் கொடுத்தார்கள், நானும் வெட்கத்துக்கு அஞ்சிக் கொடுத்தேன் என்கிறார். பெரிய மனிதர்களின் வாயிற்காவலர்களுக்குக் கொடுத்த அரை கிரவுன்கள் தனிக் கணக்கு.

அந்த 'வெட்கத்துக்கு அஞ்சி' என்ற இடத்தைக் கவனியுங்கள். பக்கத்து மேசைக்காரர் கொடுத்துவிட்டால் நாமும் கொடுத்தாக வேண்டும். வழக்கம் நூற்றாண்டுகளாக நிலைத்தது பக்தியால் மட்டுமல்ல.

கேட்பதிலும் ஒரு கலை வளர்ந்தது. வட்டாரத் தேவாலயங்களின் சேவகர்களும் இரவுக் காவலர்களும் பாட்டு அச்சடித்த தாள்களை வீடுவீடாகக் கொடுத்து இனாம் கேட்டார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்' நூலில் வரும் வண்டியோட்டி ஒருவர், பாக்ஸிங் டே அன்று தேவாலயச் சேவகன் பேசுவதைத் தவிர வேறு எந்த மனிதனும் கவிதையில் பேசியதில்லை என்று நையாண்டி செய்கிறார். குப்பை அள்ளுபவர்களும் துண்டுச்சீட்டு அடித்தார்கள். எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் போலிகளிடம் ஏமாறாதீர்கள் என்று அதில் எச்சரித்தார்கள். போலி உருவாகும் அளவுக்கு அந்த வசூல் இலாபகரமானது!

அப்படியானால் இது தர்மமா, கூலியா?

என் கருத்தில் பாதிக்கு மேல் கூலிதான். தொழில் பழகும் பையனுக்குச் சம்பளமே கிடையாது, சோறும் படுக்க இடமும் மட்டும். வாயிற்காவலருக்கும் விளக்கு ஏற்றுபவருக்கும் கிடைத்த சம்பளம் சொற்பம், குறைந்த பகுதியை இனாம் நிரப்பியது. அது தெரிந்தேதான் முதலாளிகள் சம்பளத்தை உயர்த்தாமல் இருந்தார்கள். அதை 'ஏழைகளுக்கு இரங்கிய நாள்' என்று எழுதும்போது கொடுத்தவருக்குப் புண்ணியம் சேர்கிறது, வாங்கியவரின் உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. ஸ்விஃப்டுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்த பையன் பிச்சை கேட்கவில்லை, ஆண்டு முழுவதும் ஓடியதற்குப் பாக்கி கேட்டான்.

இரக்கத்தால் கொடுத்தவர்களே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இருந்தார்கள். நாட்குறிப்பில் புலம்பாதவர்களைப் பற்றி நமக்குத் தெரியாமல் போவது இயல்பு.

புனித ஸ்தேவானுக்கும் இந்த நாளுக்கும் என்ன உறவு?

மேற்கத்திய திருச்சபைகளில் டிசம்பர் 26 அவருடைய திருநாள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் 27. கிறிஸ்துவுக்காக உயிர் நீத்த முதல் சாட்சி அவர், கல்லெறிந்து கொல்லப்பட்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் முடியப்பர் என்று அழைப்பவரும் இவரே.

விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூலில் அவர் அறிமுகமாகும் இடம் சுவையானது. எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறையீடு எழுகிறது. பந்தி விசாரணையைச் சரியாகக் கவனிக்க ஏழு பேரை நியமிக்கிறார்கள். பட்டியலில் முதல் பெயர் ஸ்தேவான். ஏழைகளுக்குரிய பங்கு ஒழுங்காகப் போய்ச்சேர்கிறதா என்று பார்க்க நியமிக்கப்பட்டவரின் நாளில் இந்த வழக்கம் வந்து அமைந்தது பொருத்தம்தான். ஆனால் பையன்கள் பெட்டியை நீட்டியது ஸ்தேவானை நினைத்து அல்ல, அது கிறிஸ்துமஸை ஒட்டிய வசூல்.

பனியில் ஏழைக்கு விறகு சுமந்து சென்ற அரசர் வென்ஸெஸ்லாஸ்தான் இதைத் தொடங்கினார் என்கிறார்களே?

ஆங்கிலக் கிறிஸ்துமஸ் கீதம் ஒன்று செய்த வேலை அது. ஸ்தேவான் திருநாளன்று அரசர் வெளியே பார்க்கிறார். ஏழை ஒருவன் பனியில் சுள்ளி பொறுக்குகிறான். இறைச்சியும் மதுவும் விறகும் எடுத்துக்கொண்டு பணியாளனுடன் அவன் குடிசைக்குப் போகிறார். குளிரில் தளர்ந்த பணியாளன் அரசரின் காலடித் தடத்தில் கால் வைத்ததும் வெப்பம் ஏறுகிறது.

வென்ஸெஸ்லாஸ் உண்மையான மனிதர். 10ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவை, இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியை, ஆண்டவர். உயிரோடிருந்தபோது அவர் கோமகன், அரசர் பட்டம் இறந்த பிறகு வந்தது. தம்பி போலெஸ்லாவின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர் என்ற புகழ் பழையது. ஆனால் கீதம் 1853இல்தான் வெளிவந்தது. எழுதியவர் ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலிக்கன் குரு. 1582ஆம் ஆண்டு இசைத் தொகுப்பில் இருந்த ஒரு வசந்தகாலப் பாட்டின் மெட்டில் அதை அமைத்தார். பையன்களின் பெட்டி அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தது. நீல் அப்போது சஸ்ஸெக்ஸில் சாக்வில் கல்லூரி என்ற இடத்தின் பொறுப்பாளர். பெயரில்தான் கல்லூரி, உண்மையில் அது முதிய ஏழைகள் தங்கும் அறக்கட்டளை இல்லம். விறகும் சோறும் இல்லாதவர்களின் குளிர்காலம் அவருக்கு ஏட்டில் படித்த செய்தி அல்ல.

சட்டப்படி விடுமுறை ஆனது எப்போது?

1871இல். வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜான் லப்பக். பிரிட்டனில் பொது விடுமுறையை வங்கி விடுமுறை என்றே சொல்வார்கள். வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், போதாக்குறைக்கு எறும்புகளை ஆராய்ந்த அறிவியலாளர். இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்துக்கு அந்தச் சட்டம் தந்த நான்கு நாட்களில் டிசம்பர் 26 ஒன்று. ஸ்காட்லாந்துக்கு அப்போது கிடைக்கவில்லை. அங்கே புத்தாண்டுதான் பெரிய கொண்டாட்டம். பாக்ஸிங் டே 1974இல்தான் அங்கே வங்கி விடுமுறை ஆனது.

26 வார இறுதியில் வந்தால்?

ஈடாக ஒரு வேலைநாள் கிடைக்கும். 2020இல் அது சனிக்கிழமை, எனவே திங்கள் 28 விடுமுறை. 2021இல் கிறிஸ்துமஸ் சனி, மறுநாள் ஞாயிறு. திங்கள், செவ்வாய் இரண்டும் விடுமுறையாயின. பழைய வழக்கில் 26 ஞாயிறாக இருந்தால் பாக்ஸிங் டே என்ற பெயரே திங்களுக்குத் தள்ளிப்போகும்.

அயர்லாந்தில் குருவியை வைத்து ஏதோ செய்வார்களாமே?

அங்கே இந்த நாளை ஸ்தேவான் நாள் என்றும் ரென் நாள் என்றும் சொல்வார்கள். ரென் என்பது வாலை நிமிர்த்திக்கொண்டு புதருக்குள் ஓடும், கைக்குள் அடங்கிவிடும் பழுப்புக் குருவி. அந்நாளில் பையன்கள் அதை வேட்டையாடிக் கொன்று, ஒரு கம்பின் நுனியில் கட்டி, வைக்கோல் உடையும் முகமூடியும் அணிந்து, பாட்டும் மேளமுமாக வீடுவீடாகச் செல்வார்கள். குருவியை அடக்கம் செய்யக் காசு கொடுங்கள் என்று கேட்பார்கள். வசூலான காசு இரவு ஆட்டம்பாட்டத்துக்குச் செலவாகும்.

அந்தச் சின்ன உயிரின் மீது ஏன் இத்தனை பகை? ஸ்தேவான் புதரில் ஒளிந்திருந்தபோது கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்ததாம். இன்னொரு கதையில் பறவைகளுக்கு அரசனாக யார் என்ற போட்டி. கழுகின் இறகுக்குள் பதுங்கிச் சென்று, கழுகு களைத்த உயரத்தில் வெளியே வந்து இன்னும் சற்று மேலே பறந்து ரென் வென்றதாம். பாட்டிலும் அதற்குப் 'பறவைகளின் அரசன்' என்றே பெயர். கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் ஊரில் இந்த ஊர்வலம் இன்றும் உற்சாகமாக நடக்கிறது. இப்போது குருவியைக் கொல்வதில்லை, பொம்மைதான். வசூலில் பெரும்பகுதியும் உள்ளூர் நற்பணிகளுக்குப் போகிறது. கொடுமையைக் கழற்றிவிட்டுக் கொண்டாட்டத்தை வைத்துக்கொண்ட அரிய வழக்கம்.

வேல்ஸில்?

ஹோலி செடியின் முள்ளிலைக் கிளையால் வேலைக்காரப் பெண்களின் கைகளில் இரத்தம் வர அடிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. ஒழிந்தது நல்லதாயிற்று.

விளையாட்டுக்கும் இந்த நாளுக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம்?

உழைப்பாளிகளுக்கு உறுதியாகக் கிடைத்த விடுமுறை என்பதால். மெல்பர்னில் கிரிக்கெட் டெஸ்ட் போட்டி, சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை 1945 முதல் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டி, இங்கிலாந்தில் கால்பந்து, குதிரைப் பந்தயம் என்று நீண்டுகொண்டே போகும். நரிவேட்டையும் இருந்தது. வேட்டை நாய்களை ஏவி நரியைக் கொல்வதை 2004இல் இயற்றப்பட்ட சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடைசெய்தது.

நான் நின்று சொல்ல விரும்புவது 1920ஆம் ஆண்டின் பாக்ஸிங் டே ஆட்டத்தை. பிரஸ்டன் நகரில் டிக், கெர் என்ற தொழிற்சாலை முதல் உலகப் போரின்போது வெடிகுண்டு உறைகள் செய்தது. அங்கே வேலை செய்த பெண்கள் கால்பந்து அணி அமைத்து, காயம்பட்ட வீரர்களுக்காக நிதி திரட்ட ஆடத் தொடங்கினார்கள். அந்த டிக், கெர் பெண்கள் அணி லிவர்பூலின் குடிசன் பார்க் அரங்கில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியை எதிர்கொண்டது. உள்ளே ஏறக்குறைய 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். திரண்ட தொகை 3,000 பவுண்டுக்கு மேல், அன்றைய மதிப்பில் பெரும் பணம்.

ஓராண்டு கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் மன்றங்களின் மைதானங்களில் பெண்கள் ஆட இடம்தரக் கூடாது என்று தடைபோட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்பது ஒரு காரணம். வசூலில் அளவுக்கு மீறிய பகுதி செலவுக்குப் போகிறது, தர்மத்துக்குப் போதிய அளவு போகவில்லை என்பது இன்னொன்று. தடை விலக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. கொடையின் பெயரால் திறந்த கதவை அதே கொடையின் பெயரால் சாத்தினார்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

பஹாமாஸில் இது ஜங்கனூ நாள். அடிமைமுறைக் காலத்தில் கிறிஸ்துமஸை ஒட்டிக் கிடைத்த சில நாள் ஓய்வில் அடிமைகள் ஆடிய ஆட்டத்திலிருந்து வளர்ந்தது. இன்று நசாவ் நகரின் பே தெருவில் விடியலுக்கு முன்பே ஆட்டுத்தோல் மேளமும் மாட்டுமணியும் வண்ணத்தாள் உடைகளுமாக ஊர்வலம் திரள்கிறது. தென்னாப்பிரிக்காவில் பெயரையே 'நல்லெண்ண நாள்' என்று மாற்றிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் விடுமுறையாக இருந்தது. 1968இல் அரசு பொது விடுமுறைகளைக் குறைத்தபோது கிறிஸ்தவர்கள் இழந்தவற்றுள் இது ஒன்று. அதே கையோடு தைப்பூச விடுமுறையும் போயிற்று. இந்துக்கள் தீபாவளியைத் தக்கவைத்துக்கொண்டார்கள். தைப்பூசத்துக்கு விடுமுறை வேண்டும் என்ற குரல் அங்கே அவ்வப்போது எழுவதற்குப் பின்னணி இதுவே.

இந்தியாவில் பிரிட்டிஷார் இந்த வழக்கத்தைக் கொண்டுவரவில்லையா?

கொண்டுவந்தபோது திசை மாறிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வெள்ளை அதிகாரிகளின் பங்களாவுக்குக் கீழ்நிலை ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் பழமும் பூவும் இனிப்பும் வைத்த தட்டுகளைக் கொண்டுசென்றார்கள். 'டாலி' என்று பெயர். மேலே இருப்பவர் கீழே கொடுப்பது அங்கே வழக்கம், கீழே இருப்பவர் மேலே கொடுப்பது இங்கே.

நம் கடற்கரைகளில் டிசம்பர் 26 என்றால் நினைவுக்கு வருவது 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை. ஆங்கில ஊடகங்கள் அதை 'பாக்ஸிங் டே சுனாமி' என்று எழுதும். நாகப்பட்டினத்திலோ முல்லைத்தீவிலோ அந்தப் பெயரால் யாரும் அதைச் சொல்வதில்லை.

அன்று என்ன சாப்பிடுவார்கள்?

முந்தைய நாள் மிஞ்சியதை. ஆறிய வான்கோழி, பன்றித் தொடைக்கறி, ஊறுகாய்கள், உருளைக்கிழங்கையும் முட்டைகோஸையும் மசித்துப் பொரித்த ரொட்டி போன்ற ஒன்று. மீந்த வான்கோழியைக் குழம்பாக்குவதும் பிரிட்டிஷ் வீடுகளில் வழக்கம், மசாலாத் தூள் தயவில்.

இப்போது இது வெறும் தள்ளுபடி விற்பனை நாள்தானா?

பிரிட்டனிலும் கனடாவிலும் பலருக்கு ஆமாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் ஒரு சட்டம் வந்தது. 26க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலையாட்களுக்கு ஓய்வு தந்த நாளில் கடை ஊழியர்கள் அதிகாலையிலேயே வேலைக்குப் போகிறார்கள். இணைய விற்பனை வந்த பிறகு வாசல் வரிசைகளின் வேகம் குறைந்திருக்கிறது.

கொடை முழுவதுமாக மறையவில்லை. வேல்ஸின் டென்பி கடற்கரையில் 1970 முதல் பாக்ஸிங் டே அன்று மக்கள் வேடிக்கை உடையில் உறையும் கடலில் இறங்கி நற்பணிகளுக்கு நிதி திரட்டுகிறார்கள். இன்னும் பல கடற்கரை ஊர்களிலும் இப்படி உண்டு.

நான் பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். யாருக்காவது இனாம் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. தபால்காரர், பால் கொண்டுவருபவர், வீட்டைத் துப்புரவு செய்பவர், முடி திருத்துபவர் ஆகியோருக்கு ஒரு வாழ்த்து அட்டைக்குள் சிறு தொகை வைத்துக் கொடுப்பது இன்றும் உண்டு. இனிப்புப் பெட்டியும் போதும். குப்பை வண்டிப் பணியாளர்கள் பணம் வாங்கச் சில நகராட்சிகள் அனுமதிப்பதில்லை, கேட்டுக்கொள்வது நல்லது. 26ஆம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்று தபால் கிடையாது, பெரும்பாலான ரயில்களும் ஓடா. கொடுக்க நினைப்பதை 24க்குள் கொடுத்துவிடுங்கள்.